உப்புக் கை

மூன்றாவது காரை விரட்டிவிட்டு மார்லா திரும்புவதற்குள் நான்காவது கார் முற்றத்துக்குள் வந்துவிட்டது. கறுப்பு உடையும் குதிகால் உயர்ந்த செருப்புமாக, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள். ஓட்டி வந்தவன் சட்டென்று பிரேக்கை மிதித்தான். பக்கத்தில் மனைவி, பின்னால் இரண்டு பிள்ளைகள், எல்லோர் தலையிலும் படகோட்டிகள் அணியின் பச்சைத் தொப்பி.

"இங்க நிறுத்தக் கூடாது" என்றாள் மார்லா.

"வருஷா வருஷம் இங்கதாங்க நிறுத்துறோம். பெக்குகிட்ட காசு கூடக் குடுத்தாச்சு."

"இன்னைக்கு இங்க சாவு."

அவன் குனிந்து கட்டடத்தைப் பார்த்தான். பெக் இறுதிச் சடங்கு இல்லம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது போல முழித்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பெக்கின் இல்லத்துக்கும் லாக் தெரு பேஸ்பால் மைதானத்துக்கும் நடுவே ஒரு தெருதான். மைதானச் சுவரைத் தாண்டி வந்து விழுந்த பந்துகளைப் பெக் ஒரு கூடை நிறைய சேர்த்து வைத்திருந்தார். ஆட்ட நாட்களில் தன் முற்றத்தைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவார். செத்தவர்களால் வந்ததைவிட அவருக்கு ஆட்டத்தால் வந்ததுதான் அதிகம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அன்றைக்கோ அந்த மைதானத்தின் கடைசி ஆட்டம். அடுத்த வசந்தத்தில் படகோட்டிகள் நெடுஞ்சாலை ஓரத்துப் புது மைதானத்துக்குப் போய்விடுவார்கள், இதை இடித்துவிடுவார்கள். கோடை தொடங்கும் முன்பே டிக்கெட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட நாளில் பெக்கின் இல்லத்தில் ஒரு பிரேதம்.

காரில் இருந்தவன் தொப்பியைக் கழற்றினான். "யாருங்க?"

"எங்கப்பா. எமில் கோவாலிக்."

"கடலை எமிலா?" அவன் முகம் வாடிவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தான், ஆனால் அதற்குள் அவனுக்குப் பின்னால் வேறொரு கார் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "ஆட்டம் முடிஞ்சதும் கண்டிப்பா வர்றோங்க" என்றான்.

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தபால்காரர் சொன்னார், பல் மருத்துவமனையில் மார்லாவோடு வேலை பார்க்கும் பெண்கள் சொன்னார்கள், பாதிரியார் டோமினிக் கூடக் கொஞ்சம் நெளிந்துகொண்டே அப்படித்தான் சொன்னார். உடலைப் பார்வைக்கு வைத்திருக்கும் நேரம் இரண்டிலிருந்து நான்கு. ஆட்டம் முடியவே நான்காகிவிடும். நான்கு மணிக்கு மேல் பூட்டிய கதவுக்கா வந்து மரியாதை செய்வார்கள்? மார்லா கைகளைத் தொங்கவிட்டு வழியை விட்டு விலகினாள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து முற்றத்தை நிறைத்தன. அஞ்சலிக்கு வருகிறவர்களுக்காக அவள் பிடித்து வைத்திருந்த கடைசி இடமும் போயிற்று.

அவள் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள். அம்மா கேட்கவில்லை. அக்னெஸ் கோவாலிக் ஒன்றை முடிவு செய்துவிட்டால் மலையை நகர்த்துவது சுலபம். அடக்கம் திங்கட்கிழமை இருக்கட்டும், ஆனால் சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்போது அவர் தெருவுக்கு எதிரேதான் இருக்க வேண்டும் என்றுவிட்டாள். யார் வருவார்கள் என்று மார்லா கேட்டதற்கு, வருகிறவர்கள் வரட்டும் என்றாள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிற ஊர்தான் அது. ஆனால் ஊருக்கே ஒரு கெட்டது அதே நாளில் எதிர்ப்பக்கம் நடக்கும்போது ஊர் என்ன செய்யும்?

மார்லாவுக்கு அந்த மைதானத்தின் மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. அவள் பிறந்தது ஜூலை மாதம். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய எமில், பள்ளி மூடியதும் கடலைத் தட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். நாற்பது கோடைகள். எத்தனை பிறந்தநாள் கேக்குகளில் அவருக்கென்று வெட்டி வைத்த துண்டு காய்ந்து போயிருக்கிறது. அவள் கல்யாணம் ஆகஸ்டில் நடந்தது. மாதா கோயிலில் அவளைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டவர், விருந்து தொடங்குவதற்குள் வந்துவிடுகிறேன் என்று ஆட்டத்துக்குப் போனார். சொன்னபடி வந்தார், அவளோடு நடனமும் ஆடினார். இடுப்பில் வைத்த கை கரகரவென்றிருந்தது. கையைக் கூடக் கழுவவில்லை, கடலை உப்பு. கண்ணாடி முன்னால் நின்று உடையில் கறை தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை உடையில் வெள்ளை உப்பு, ஒன்றும் தெரியவில்லை.

ஊருக்கெல்லாம் கொடுத்த கை, வீட்டுக்கு மிச்சம் வந்தது கொஞ்சம்தான். இப்போது அவர் பெட்டிக்குள் கிடக்கும்போதும் அந்த மைதானமே ஊரை இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு ஆளாவது, இந்த ஒரு நாளாவது, அதை விட்டுவிட்டு அப்பாவுக்காக வரட்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

உள்ளே வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள் காத்திருந்தன. லில்லிப் பூவின் வாசனை தலையை வலிக்க வைத்தது. அக்னெஸ் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, கைப்பைக்குள் ரேடியோ, அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போயிருந்தது.

"அம்மா, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"யாரு இருக்கா பார்க்கிறதுக்கு?" என்றாள் அக்னெஸ். பிறகு பெட்டியைக் காட்டினாள். "அவர் கையைப் பாரு. சும்மா இருக்கு. அதைத்தான் என்னால பார்க்க முடியல."

பெக்கின் ஆட்கள் கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அழகாகத்தான் வைத்திருந்தார்கள். நகத்தில் அழுக்கு இல்லை. விரல் நுனிகளில் எப்போதும் இருக்கும் வெடிப்புகளை ஏதோ பூசி மறைத்திருந்தார்கள். அது வேறு யாருடைய கையோ போலத்தான் இருந்தது.

கோயிலிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மண்டியிட்டு ஜெபித்தார்கள், அக்னெஸின் தோளைத் தொட்டார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவ்வளவுதான். எதிர்ப்பக்கமிருந்து அவ்வப்போது கூட்டத்தின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்தது. ஒரு முறை பெரிதாக எழுந்து, பிறகு வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று அடங்கியது.

"யாரு ஜெயிக்கிறா?" என்று கேட்டாள் மார்லா, வேறு பேச்சு இல்லாததால்.

"ஒண்ணும் நடக்கல."

அம்மா அதைச் சொன்ன விதத்தில் மார்லா நிமிர்ந்து பார்த்தாள். அக்னெஸ் கால்மேல் கால் போட்டிருந்தாள், அதை மாற்றாமல் விறைத்து உட்கார்ந்திருந்தாள். மார்லாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குப் புரியாமல் எப்படி இருக்கும்? படகோட்டிகளின் பிட்சர், பந்து எறிகிற பையன், எதிரணியில் ஒருவனைக் கூட அடித்து ஓடிச் சேர விடாமல், ஒரு ஹிட் கூட விட்டுக்கொடுக்காமல் எறிந்துகொண்டிருக்கிறான். பல வருஷங்களுக்கு ஒரு முறை நடக்கிற சங்கதி. அப்படி நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கலைந்துவிடும். அணிக்காரர்கள் அந்தப் பிட்சரின் பக்கத்தில் கூட உட்கார மாட்டார்கள். ரேடியோக்காரர் சுற்றி வளைத்துப் பேசுவார். வீட்டில் கேட்கிறவர்கள் எந்த நிலையில் இருந்தார்களோ அதே நிலையில் அசையாமல் இருப்பார்கள்.

அம்மா அந்த விதியை ஆட்டத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வசந்தத்தில் டாக்டர் எமிலின் நுரையீரலைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் வியாதியின் பெயரை யாரும் சொல்லவில்லை. மழை வருமா என்று பேசினார்கள், தக்காளி என்ன விலை என்று பேசினார்கள். எமிலும் அதற்கு ஒத்துழைத்தார். புது மைதானத்தில் டம்ளர் வைக்க நாற்காலிக்கு நாற்காலி ஓட்டை இருக்கிறதாம் என்று சொல்லி இருமிச் சிரித்தார். கடைசி வாரம் மார்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாள். அம்மா உடனே, காப்பி வாங்கிட்டு வா என்று அவளை வெளியே அனுப்பிவிட்டாள். அவள் காப்பியோடு திரும்பியபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சொல்ல நினைத்தது இன்னும் அவள் தொண்டையில்தான் இருந்தது.

இடி இடித்தது.

முதலில் ஜன்னல் இருண்டது, பிறகு மழை சாய்வாக வந்து கண்ணாடியில் அறைந்தது. அக்னெஸ் காதிலிருந்த வயரை அழுத்திக்கொண்டாள். "நிறுத்திட்டாங்க. தார்ப்பாய் இழுக்கிறாங்க" என்றாள். மார்லா ஜன்னலுக்குப் போனாள். இடப்பக்கச் சுவரை ஒட்டிய பலகை வரிசைகளுக்குக் கூரை கிடையாது. அங்கிருந்தவர்கள் செய்தித்தாளையும் அட்டையையும் தலையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார்கள். வாசலைத் தாண்டித் தெருவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள்.

முதலில் உள்ளே வந்தவன் அந்த நான்காவது காரின் ஆள்தான். காரில் போய் உட்காரத்தான் ஓடி வந்திருப்பான். பிள்ளைகளையும் மனைவியையும் முன்னால் விட்டுக்கொண்டு, தொப்பியைப் பிழிந்தபடி வாசலில் தயங்கி நின்றான். "தரை நனைஞ்சிடுமே" என்றான். பெக் கால்மிதியை நகர்த்திப் போட்டார்.

அவனுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். பிறகு தபால்காரர். மீன் சந்தையில் வேலை பார்க்கும் நான்கு பேர், பச்சைச் சாயம் வழிகிற முகங்களோடு. பாதிரியார் டோமினிக், கழுத்துப் பட்டைக்கு மேல் படகோட்டிகளின் துண்டு. வெளியே குடையில்லாத வரிசை தெருவைக் கடந்து மைதான வாசல் வரை போனது. அறையில் எள் விழ இடமில்லை. ஈரச் சட்டை வாசனையும் மைதானத்துத் தின்பண்டங்களின் கடுகு வாசனையும் லில்லியை ஒரு வழியாக அமுக்கிவிட்டன.

"மழைக்கு ஒதுங்க வந்திருக்காங்க" என்று மார்லா அம்மாவின் காதில் சொன்னாள். அவள் குரலில் கசப்பு இருந்தது.

"ஒதுங்கினா என்ன? வேற இடமா இல்ல? தெருமுனையில பெட்ரோல் பங்க் இருக்கே, அங்க போகலையே."

அது மார்லாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

வந்தவர்கள் பெட்டியின் பக்கத்தில் நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பன்னிரண்டு வரிசைக்கு அப்பாலிருந்து முதுகுக்குப் பின்னால் கை வைத்து எறிந்த பொட்டலம் என் மடியில் வந்து விழுந்தது என்றார் ஒருவர். ஒரு கிழவர், தன் மனைவி போன வருஷம் இறந்த பிறகும் எமில் பழக்கதோஷத்தில் இரண்டு பொட்டலம் எறிந்துவிட்டார் என்றும், பிறகு தானே வந்து பக்கத்துக் காலி இடத்தில் உட்கார்ந்து அந்த இரண்டாவதைத் தின்றுவிட்டுப் போனார் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். மார்லா ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். எல்லாக் கையும் ஈரமாக இருந்தது.

கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு ஹோரெஸ் வந்தார். எமிலுக்கு இணையாக அதே வரிசைகளில் பீர் விற்றவர், உயரமான கறுப்பர். மழையில் நனைந்த ஏப்ரனோடு நேராகப் பெட்டிக்கு வந்து குனிந்து பார்த்தார். "யாருடா இவனுக்கு நகம் வெட்டினது?" என்று முனகினார். பிறகு அக்னெஸின் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "கொஞ்சம் முன்னாடி குடுங்களேன்."

அவள் வாசல்படியில் நசுங்கிக்கொண்டிருந்தாள், உள்ளே வர வழியில்லை. கையில் ஒரு கடலைப் பொட்டலம். அவளுக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்காமலேயே அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம்.

எமிலின் வரிசைகளில் அப்படித்தான். எறிய முடியாத இடத்துக்கு, கைக்குழந்தையோ கண் தெரியாதவரோ நடுவில் இருந்தால், பொட்டலம் கைமாறிக் கைமாறிப் போகும். காசும் அப்படியே திரும்பி வரும். நடுவில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிக்கட்டில் நின்று எமில் "கிடைச்சுதா?" என்பார். கடைசி ஆள் "கிடைச்சுது" என்று கத்த வேண்டும். சிறு வயதில் மார்லா உலகம் முழுக்கவே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தன் பென்சில் பெட்டியைக் கடைசி பெஞ்சுக்குக் கைமாற்றி அனுப்பிய நாளில்தான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

பொட்டலம் மீன்காரர்களைக் கடந்து, பாதிரியாரைக் கடந்து, பச்சைத் தொப்பிப் பிள்ளையின் கைக்கு வந்து, அங்கிருந்து மார்லாவிடம் வந்தது. அவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு அப்பாவின் விரல்களை மெல்ல நகர்த்தி அதன் கீழே வைத்தாள்.

"கிடைச்சுதா?" என்று வாசலிலிருந்து அந்தப் பெண் கேட்டாள். வேண்டுமென்று கேட்டதல்ல, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லோரும் மார்லாவைப் பார்த்தார்கள். இத்தனை பேர் மௌனமாகத் தன்னைப் பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"கடைசி ஆட்டத்துல போய் ஒரு ஹிட் கூட விடாம எறியிறானாமே. அப்பா இருந்திருந்தா..."

அத்தோடு நின்றாள். சொன்னது என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

தபால்காரர் கண்களை மூடிக்கொண்டார். மீன்காரர்களில் ஒருவன் ஐயோ என்று தலையில் கை வைத்தான். பாதிரியார் சிலுவைக் குறி போட்டார், அது எமிலுக்காக அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஹோரெஸ் மண்டியிட்டபடியே தலையைத் தூக்கினார்.

"உங்கப்பன் எந்திரிச்சு உக்காரப் போறான் பாரு" என்றார்.

முதலில் சிரித்தது அக்னெஸ்தான். ஒரு கேவல் போலத்தான் அது ஆரம்பித்தது, மார்லா பயந்தே போனாள். ஆனால் அது சிரிப்பு. ரேடியோவின் வயர் காதிலிருந்து நழுவ, கைப்பை மடியிலிருந்து விழ, அந்த மனுஷி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அறை முழுக்க அது பற்றிக்கொண்டது. வாசலில் இருந்தவர்கள் என்ன என்று கேட்க, முன்னால் இருந்தவர்கள் திரும்பிச் சொல்ல, சிரிப்பும் கைமாறிக் கைமாறித் தெரு வரை போனது.

மார்லாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. "தெரியாம வந்துடுச்சும்மா" என்றாள்.

"விடு" என்றாள் அக்னெஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா? நானும் ஏப்ரல்லேருந்து வாயைப் பொத்திட்டுத்தான் இருந்தேன். என்ன ஆச்சு?" பெட்டியைப் பார்த்தாள். "எமில் செத்துட்டார். பாரு, சொல்லிட்டேன்."

மார்லா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காலையிலிருந்து, இல்லை, வசந்தத்திலிருந்து வராத அழுகை வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் வெட்கமில்லாமல் அழுதாள். யாரும் தேற்றவில்லை. யாரோ ஒருவருடைய பச்சைத் துண்டு கைமாறி வந்து அவள் தோளில் விழுந்தது. அம்மா குனிந்து, காப்பி வாங்க அனுப்பியிருக்கக் கூடாது என்று அவள் தலைமுடிக்குள் சொன்னாள்.

மழை விட்டது அவர்களுக்கு உடனே தெரியவில்லை. வெளிச்சம் வந்த பிறகும் யாரும் நகரவில்லை. கைப்பையிலிருந்து விழுந்த ரேடியோ வயர் கழன்று தரையில் கிடந்து, தார்ப்பாயைச் சுருட்டுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிடும் என்று கரகரத்தது. எல்லோர் காதிலும் விழுந்தது. எல்லோரும் கேட்காதது போல நின்றார்கள். முதலில் வெளியேறுகிற ஆளாக இருக்க யாருக்கும் மனமில்லை. பச்சைத் தொப்பிப் பிள்ளை மட்டும் அப்பாவின் சட்டையை இழுத்தது, அவன் அதன் கையைத் தட்டிவிட்டான்.

மார்லா அந்த முகங்களைப் பார்த்தாள். காலையில் ஒரே ஒரு ஆள் போதும் என்று நினைத்தவள். அவள் வாய் திறக்காவிட்டால் இவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள் போலத்தான் இருந்தது. நாற்பது கோடைகளுக்கு ஒரு பழி தீர்த்த மாதிரி இருக்கும்.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "போங்க" என்றாள். "கடைசி ஆட்டம். இவருக்காக இதைத் தவற விட்டீங்கன்னா இவரு மன்னிக்கவே மாட்டார்."

ஒவ்வொருவராகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஹோரெஸ் மட்டும் போகவில்லை. ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீளமான கால்களை நீட்டிக்கொண்டார்.

"நீங்க போகலையா?" என்று கேட்டாள் மார்லா.

"எத்தனையோ ஆட்டம் பார்த்தாச்சு. இதை இவன்கூட இருந்து கேக்குறேன்." குனிந்து ரேடியோவை எடுத்தார். "ஜன்னலைத் திறந்து விட்டுட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போ. நீங்க ரெண்டு பேரும் திரும்பி வர்ற வரைக்கும் கதவைச் சாத்த மாட்டேன்னு பெக்கு சொல்லிட்டான்."

பெக் அப்படி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் மறுக்கவுமில்லை.

ஆக ஒரு ஆள் வந்துவிட்டார். மார்லா அவர் தோளைத் தொட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள்.

வாசலில் டிக்கெட் கேட்கிறவர் அக்னெஸைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றுகொண்டார். இடப்பக்கப் பலகைகள் ஈரமாக இருந்தன. நான்காவது காரின் ஆள் தன் சட்டையால் துடைத்து இரண்டு பேருக்கு இடம் செய்தான். கறுப்பு உடையும் உயர்ந்த செருப்புமாக மார்லா பச்சைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தாள். புல் கழுவி விட்டது போல மின்னியது. இவ்வளவு நேர மழைக்குப் பிறகு பிட்சரை மாற்றிவிடுவார்கள் என்று சுற்றிலும் முணுமுணுத்தார்கள். ஆனால் அதே பையன்தான் தோளைச் சுழற்றிக்கொண்டு பந்தெறியும் மேட்டுக்கு நடந்து வந்தான். மைதானமே எழுந்து நின்றது.

அவன் எறிந்த முதல் பந்தை எதிரணிக்காரன் அடித்தான். சுத்தமான ஹிட், நடு மைதானத்தில் போய் விழுந்தது.

மூச்சு விடுகிற சத்தம் மைதானத்தைச் சுற்றி வந்தது. பிறகு இடப்பக்க வரிசைகள் அத்தனையும், யாரும் சொல்லாமலே, ஒரே சமயத்தில் மார்லாவைத் திரும்பிப் பார்த்தன.

"உன்னாலதான்" என்றாள் அக்னெஸ்.

மீன்காரர்களில் ஒருவன் கைதட்ட ஆரம்பித்தான். பிட்சருக்காகவா, அவளுக்காகவா என்று தெரியவில்லை. எல்லோரும் தட்டினார்கள். பிட்சர் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். மார்லா கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புது இடத்துல நாற்காலிக்கு முதுகு வெச்சிருக்காங்களாம்" என்றாள் அக்னெஸ் சற்றுப் பொறுத்து. "ஏப்ரல்ல போய்ப் பார்க்கணும்."

"யாரோட?"

"தனியாவா போவேன்? பாதி பொட்டலம் மிஞ்சிடுமே."

எதிரே, சுவருக்கு அப்பால், பெக்கின் ஜன்னலில் திரை காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் நீட்டிய ஒரு ஜோடிக் கால்கள் மங்கலாகத் தெரிந்தன.

படிக்கட்டுப் பக்கமிருந்து ஏதோ கைமாறி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவன் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அதை மார்லாவிடம் நீட்டினான். சூடான கடலைப் பொட்டலம், காகிதத்துக்கு வெளியே எல்லாம் உப்பு. வரிசைக் கடைசியில் யாரோ விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள், அம்மா அடுத்தவரிடம். அது போய்ச் சேருகிற வரைக்கும் மார்லா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நினைவில்லாமல் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். குனிந்தபோது தெரிந்தது. கறுப்பு உடையில், இடுப்புக்குச் சற்று மேலே, ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அம்மா அதைத் தட்டிவிடக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் மார்லா.